ரேகை – 9: உப்புச் சட்டியும் மைப்பெட்டியும்

முன்கதை: கும்பினி சர்க்கார் ஊர்க்காவலைப் பிடுங்கிக்கொண்டது. 1859-ல் சென்னை மாகாணத்துக்குப் புதிய போலீஸ் பிறந்தது. கொள்ளை மட்டும் நின்றபாடில்லை. 1911-ல் கல்கத்தாவில் ஒரு சட்டம் நிறைவேறி சேலம் ஜில்லாவை நோக்கிப் புறப்பட்டது. அதன் கையில் ஒரு பதிவேடும் ஒரு மைப்பெட்டியும் இருந்தன…

காரவள்ளியில் ஏறத் தொடங்கிய பஸ் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் முடித்து நிமிர்ந்தபோது என் வயிறு என் வசம் இல்லை. கொல்லிமலைக்காரர்கள் அந்த வளைவுகளில் தூங்கிக்கொண்டே வருகிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மடியில் ஒரு மூட்டையை அணைத்தபடி கண்ணை மூடியவர், மேலே வந்த பிறகுதான் திறந்தார்.

அரியூர் நாட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தேன். கொல்லிமலை முழுக்கவே நாடுகள்தான். வளப்பூர் நாடு, திண்ணனூர் நாடு, தேவனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு… சமவெளியில் கிராமம் என்பது இங்கே நாடு. நாட்டுக்குப் பட்டக்காரர், ஊருக்கு ஊர்க்கவுண்டர் என்று பழைய முறை ஒன்று இருந்தது. வரப்புத் தகராறு, திருட்டு, அடிதடி எதுவானாலும் முதலில் அவர்கள் முன்னால்தான் போகும். அபராதம் போடுவார்கள், விலக்கி வைப்பார்கள், மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். இந்த மூன்றாவதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்துக்கொள்வது என்ற ஒன்றே இல்லாத முறையைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

தண்ணீர் கொடுத்த ஆயாவிடம், “இங்க என்னவெல்லாம் விளையும்?” என்று பேச்சுக்குத்தான் கேட்டேன்.

“எல்லாம் விளையும் தம்பி. சாமை, தினை, ராகி விளையும். மிளகு காய்க்கும். பலா காய்ச்சுத் தொங்கும். உப்பு ஒண்ணுதான் விளையாது. அது கீழ இருந்துதான் வரணும்.”

“அந்தக் காலத்துல எப்படி வந்துச்சு?”

“கழுதை மேல பொதி ஏத்தி அடிவாரம் வரைக்கும் கொண்டாருவாங்கன்னு எங்க பாட்டி சொல்லும். நம்ம ஆளுங்க இறங்கிப் போய்த் தானியத்தைக் கொடுத்துட்டு வாங்கியாருவாங்க. உப்பில்லாம யாரு இருக்கறது?”

“கொண்டு வந்தவங்க யாரு?”

ஆயா உள்ளே திரும்பி அடுப்படி மூலையில் இருந்த உப்புச் சட்டியைப் பார்த்தார். மூடி கொஞ்சம் விலகியிருந்தது. எழுந்து போய் அதைச் சரிசெய்துவிட்டு வந்தார். “உப்புக்காரங்கதான்” என்றார்.

கும்பல், கொள்ளை, கச்சேரி, ஜெயில் என்று எட்டு வாரமாக ஓடிய தொடர் உப்புக்கு ஏன் வந்தது என்று கேட்பீர்கள். ஆயா சொன்ன உப்புக்காரர்களின் பெயர் இன்றைக்கும் தமிழ்நாடு அரசின் ஒரு பட்டியலில் இருக்கிறது. எந்தப் பட்டியல், அதில் எப்படி ஏறியது என்பதுதான் விஷயம்.

*

கொரவர்களைப் பற்றி எழுதிய வெள்ளைக்கார அதிகாரிகள் எல்லோரும் ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். அவர்களுக்குள் இருந்த பிரிவுகளில் பல, அவர்கள் விற்ற சரக்கின் பெயரில் இருந்தன. உப்புக் கொரவர், கறிவேப்பிலைக் கொரவர், இஞ்சிக் கொரவர். கடைவீதிப் பெயர்ப் பலகைகளை வாசிப்பது போல இருக்கிறது. மளிகைக் கடை இல்லாத காலத்தின் மளிகைக் கடை அவர்கள். கிழக்குக் கரையின் உப்பளங்களிலிருந்து பொதி மாடுகளிலும் கழுதைகளிலும் உப்பை ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவருவார்கள். தானியத்தை வாங்கி ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். குடும்பமே நடக்கும், குழந்தை பொதியின் மேல் தூங்கும்.

இந்தப் பிழைப்பின் மீது அடுத்தடுத்து நான்கு அடிகள் விழுந்தன. 1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பு சர்க்காரின் ஏகபோகம் ஆனது. அளத்தில் நேரே போய் அள்ளிக்கொண்டு வந்த காலம் முடிந்தது. 1860-களின் தொடக்கத்தில் ரயில் சேலத்துக்கு வந்தது. நூறு கழுதைகள் பல வாரம் சுமந்து வந்ததை ஒரு கூட்ஸ் வண்டி ஒரு ராத்திரியில் இறக்கிவிட்டுப் போனது. 1876-ல் தாது வருஷப் பஞ்சம். சேலம் ஜில்லா அதில் பட்ட பாட்டைப் பாட்டிகள் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாடும் கழுதையும் செத்தபோது செத்தது வியாபாரத்தின் முதல். கடைசியாக 1882-ன் காட்டுச் சட்டம். மூங்கில் வெட்ட, ஈச்சம் ஓலை அறுக்க, பொதி மாட்டை மேய்க்க எல்லாவற்றுக்கும் ரேஞ்சரின் தயவு வேண்டியிருந்தது.

பிழைப்பு போன பிறகும் கால்கள் நடந்துகொண்டிருந்தன. சரக்கோடு வந்தபோது ‘உப்புக்காரர் வந்துட்டார்’ என்று வரவேற்ற ஊர், வெறுங்கையோடு வந்தபோது மாட்டைத் தொழுவத்துக்குள் கட்டிக் கதவைச் சாத்தியது.

கொள்ளையே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நடந்தது. கன்னக்கோல் வைத்தார்கள், சந்தை வண்டிகளை மறித்தார்கள், ஆடு மாடு ஓட்டிப்போனார்கள். ஓட்டிப்போன மாட்டைத் திருப்பித் தர துப்புக்கூலி வாங்கிய ஆட்களும் இருந்தார்கள். பறிகொடுத்த குடியானவனின் வயிற்றெரிச்சல் நிஜம். அதற்கு மருந்தாகச் சர்க்கார் என்ன செய்தது என்பதில்தான் கதை திரும்புகிறது.

*

விதை வடக்கே விழுந்தது. வழிப்போக்கர்களைக் கழுத்தை நெரித்துக் கொல்லும் தக்கர்களை ஒழிக்கப் புறப்பட்ட ஸ்லீமனுக்கு ஒரு சிக்கல். யார் எந்தக் கொலையைச் செய்தார் என்று நிரூபிக்க முடியவில்லை. 1836-ல் வந்த சட்டம் அந்தச் சிக்கலை ஒரே வெட்டாக வெட்டியது. நீ தக்கர் கும்பலில் சேர்ந்தவன் என்று நிரூபித்தால் போதும், ஆயுள் தண்டனை. எந்தக் கொலை, எந்தத் தேதி என்ற கேள்வி தேவையில்லை.

அங்கே குறைந்தபட்சம் ‘கும்பலில் சேர்ந்தவன்’ என்றாவது நிரூபிக்க வேண்டியிருந்தது. 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் அதையும் எடுத்துவிட்டது. தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, இந்த நாட்டில் தொழில் பரம்பரை பரம்பரையாக வருகிறது. அப்படியானால் திருட்டும் பரம்பரையாகத்தானே வரும்? கேட்க எளிமையாக இருக்கிறது. நம்மூர் சாதியை வெள்ளைக்காரன் பாடப்புத்தகம் போல நெட்டுருப் போட்டதன் விளைவு இது. நாமும் சும்மா இல்லை. அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் நம்மூர்ப் பெரிய மனிதர்கள்தான்.

சட்டத்தின் வாசகத்தைக் கவனியுங்கள். ‘குலம், கும்பல் அல்லது வகுப்பு’ எதையும் குற்றப் பரம்பரை என்று சர்க்கார் அறிவிக்கலாம் என்றது. மூன்றும் ஒரே மூச்சில். கும்பலில் ஒருவன் தானாகச் சேர்கிறான், விலகவும் முடியும். குலத்தில் பிறக்கிறான். பிறந்ததும் சேர்ந்ததும் ஒன்று என்று சொல்ல அந்தச் சட்டத்துக்கு ஒரு காற்புள்ளி போதுமானதாக இருந்தது.

சென்னை மாகாணத்துக்கு அந்தச் சட்டம் வர 40 வருடம் ஆனது. முதலில் வட இந்தியா, 1876-ல் வங்காளம், 1911-ல்தான் நமக்கு. இந்த இடைவெளியில் பதிவேட்டுக்கு வேண்டிய தகவல்களைச் சேகரிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. முல்லாலி என்ற போலீஸ் அதிகாரி 1892-ல் மாகாணத்துக் ‘குற்ற வகுப்பு’களைப் பற்றி ஒரு கையேடே எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டன் ஊர் ஊராகப் போய் மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார். வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களில் நல்ல உருப்படிகளாகப் பார்த்துப் பஞ்சடைத்து மியூசியத்தில் நிறுத்தப்போகிறார் என்று பயந்ததை அவரே வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அந்தப் பெண்கள் விஷயத்தைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்று தோன்றுகிறது. இந்த அளவெடுக்கும் வித்தையில் போலீஸ் அதிகாரிகளுக்கும் அவர் பாடம் நடத்தினார்.

1909-ல் அவருடைய ஆராய்ச்சி 7 தொகுதிகளாக வெளிவந்தது. மூன்றாம் தொகுதியில் கொரவர். நான்காம் தொகுதியில் மலையாளி, அதாவது கொல்லிமலை உள்ளிட்ட சேலத்து மலைகளின் மக்கள். காஞ்சியிலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூன்று பேர் மூன்று மலைகளுக்குப் போன கதை அங்கே வருகிறது. உப்பு வாங்கியவர்களும் உப்பு விற்றவர்களும் அடுத்தடுத்த தொகுதிகளில். வாங்கியவர்களுக்கு ஒரு பழங்கதை கிடைத்தது. விற்றவர்களுக்குப் பக்கம் பக்கமாகக் களவு முறைகள்.

கொல்லிமலை மலையாளிகள் குற்றப் பட்டியலில் ஏறவில்லை. மலை உயரமாக இருந்தது, சாலை இல்லை, அவர்கள் நிலத்தோடு நின்றார்கள். சர்க்காருக்கு நிற்பவனைப் பிடிக்கும். நடப்பவனைக் கண்டால்தான் சந்தேகம்.

*

இப்போது மைப்பெட்டிக்கு வருவோம்.

அறிவிப்பு வந்தவுடன் ஜில்லா நிர்வாகம் பெயர்ப் பட்டியல் போடும். பெயர் சேர்ப்பதற்கு அந்த ஆள் திருடியிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. அறிவிக்கப்பட்ட குலத்தில் இருந்தால் போதும். குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இடத்தில் ஆஜராகச் சொல்வார்கள். வராவிட்டால் அதுவே குற்றம். ‘எங்கள் குலத்தை எப்படி அறிவித்தீர்கள்?’ என்று எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது. அறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று விசாரிக்கும் அதிகாரத்தைச் சட்டமே நீதிமன்றங்களிடமிருந்து எடுத்துவிட்டிருந்தது.

பத்து விரல். ஒவ்வொன்றையும் மையில் தோய்த்துக் காகிதத்தில் உருட்டி எடுப்பார்கள். 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பதிவகம் தொடங்கியிருந்தது. உலகமே வியந்த புது விஞ்ஞானம். உப்பு மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரலில் ரேகை சரியாக விழாது, மறுபடி உருட்டச் சொல்வார்கள். அதனால்தான் நம் மக்கள் இந்தச் சட்டத்தைக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று சொன்னதைவிட ரேகைச் சட்டம் என்று சொன்னதுதான் அதிகம். சட்டத்தின் நீளமான பெயர் படித்தவர்களுக்கு. விரலில் ஒட்டிய மை எல்லோருக்கும்.

அதன்பின் வாழ்க்கை மாறிவிடும். குறித்த நேரத்தில் ஆஜர் கொடுக்க வேண்டும். பல ஊர்களில் அது ராத்திரி நேரம். ஆண்கள் வீட்டில் படுக்காமல் சாவடியில் போய்ப் படுத்தார்கள். ஊரைவிட்டுப் போனால் ராதாரிச் சீட்டு. எங்கே போகிறான், எப்போது திரும்புவான் என்று எழுதிய சீட்டு. போன ஊரிலும் காட்ட வேண்டும். பெண் பார்க்கப் போனாலும் சீட்டு, சாவுக்குப் போனாலும் சீட்டு. சீட்டு கைக்கு வருவதற்குள் பிணத்தை எடுத்துவிடுவார்கள்.

தப்பினால்? சட்டத்தின் அட்டவணையில் சொன்ன குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் 7 வருடம். மூன்றாம் முறை என்றால் ஆயுளுக்கும் தீவாந்திரம். சந்தேகப்படும்படியான இடத்தில் இருந்தால்கூட 3 வருடம் வரை போகலாம். அதே கன்னக்கோலை வேறு சாதிக்காரன் பிடித்திருந்தால் தண்டனை வேறு.

அந்தப் பதிவேட்டில் சேலத்துக்காரர்களின் பெயர்களைப் பார்த்தால் ஒன்று உறுத்தும். ஆத்தூர் கீழ்நாட்டுக் கொரவர். ஆத்தூர் மேல்நாட்டுக் கொரவர். சேலம் மேல்நாட்டுக் கொரவர். சேலம் உப்புக் கொரவர். ஆத்தூர் கொல்லிமலைக்கு வடக்கே, கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். அரியூர் நாடு, தேவனூர் நாடு என்று மேலே இருப்பவனுக்கு மண்ணைக் கொடுத்த அதே ‘நாடு’ என்ற சொல், கீழே இருப்பவனுக்குப் போலீஸ் அடையாளம் ஆனது.

*

பெயர் எழுதி, ரேகை எடுத்து, சீட்டு கொடுத்தும் அடங்காதவர்களை என்ன செய்வது? ஜெயிலில் போட்டால் செலவு. அதோடு இன்னொரு பயம்: தற்செயலாகத் தப்புச் செய்தவனைப் பழைய கைதியோடு ஒரே கொட்டடியில் அடைத்தால் வெளியே வரும்போது கும்பலாக வருவான். இது அன்றைய ஜெயில் அதிகாரிகளின் பெரிய கவலை. இன்றைய அதிகாரிகளுக்கும் இதே கவலைதான்.

சட்டம் ஒரு நடுவழியைக் கண்டுபிடித்தது. செட்டில்மென்ட். குடும்பத்தோடு கொண்டுபோய் ஓரிடத்தில் வைப்பது. மதில் கிடையாது, ஆனால் வெளியே போக முடியாது. நடத்துவதற்கு ஆள் வேண்டுமே? இரட்சணிய சேனை முன்வந்தது. அதன் இந்தியத் தலைவர் பூத்-டக்கர் ஒரு காலத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி, வேலையை உதறிவிட்டுக் காவி உடுத்தி ஊழியம் செய்தவர். குண்டூர் ஜில்லாவில் ஸ்டூவர்ட்புரம் எழுந்தது. மாகாண நிர்வாகக் குழுவிலிருந்த ஹெரால்ட் ஸ்டூவர்ட்டின் பெயர் அதற்கு. தென்னார்க்காட்டில் அஜீஸ் நகர். இன்னும் பல.

செட்டில்மென்ட்களைக் கொடுமைக்கூடம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட மாட்டேன். பள்ளிக்கூடம் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, கைத்தொழில் இருந்தது. அதேசமயம், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கவும் சட்டத்தில் இடம் இருந்தது. ஸ்டூவர்ட்புரத்து ஆட்கள் சீராலாவின் புகையிலைக் கம்பெனிக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். வேலையை விட்டால் போலீஸ் கேஸ். இதைவிட வசதியான தொழிலாளி எந்த முதலாளிக்குக் கிடைப்பான்? சீர்திருத்தம், சுவிசேஷம், மலிவான கூலி மூன்றும் ஒரே வேலிக்குள் இருந்தன.

1919-ல் இந்தியச் சிறைகளை ஆராய ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் அலெக்சாண்டர் கார்டியு, சென்னை மாகாணத்தில் பழம் தின்று கொட்டை போட்ட அதிகாரி. தண்டிப்பது மட்டும் சிறையின் வேலை அல்ல, திருத்துவதும்தான் என்று அந்த அறிக்கை உரக்கச் சொன்னது. சிறுவர்களைத் தனியே வைக்கும் பார்ஸ்டல் பள்ளிக்கு 1926-ல் சென்னை மாகாணம் தனிச் சட்டமே போட்டது. ஆக, ஒரே காலத்தில், ஒரே தலைமைச் செயலகத்தில் ஒரு மேஜையில் ‘மனிதன் திருந்துவான்’ என்று எழுதினார்கள். பக்கத்து மேஜையில் ‘இந்தக் குலம் திருந்தாது’ என்று பதிவேடு நிரப்பினார்கள்.

1920 ஏப்ரல் 3 அன்று மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அதை இந்த வாரம் கடந்துபோகிறேன். தனியாக ஒரு வாரம் எடுத்துக்கொள்ள வேண்டிய கதை அது. கோர்ட்டில் நின்ற ‘ரோசாப்பூ துரை’ ஜார்ஜ் ஜோசப்பைப் பற்றியும் அப்போது சொல்கிறேன்.

*

இனி, உங்களைக் குமாரமங்கலத்துக்கு அழைத்துப் போகிறேன். திருச்செங்கோட்டுப் பக்கம். அன்று சேலம் ஜில்லா, இன்று கொல்லிமலையைப் போலவே நாமக்கல் மாவட்டம். அந்த ஊர் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர். 1947-ல் ஓமந்தூரார் மந்திரிசபையில் உள்துறையும் போலீசும் அவர் கையில்.

முத்துராமலிங்கத் தேவரும், கம்யூனிஸ்ட்டுகள் ப. ஜீவானந்தமும் பி. ராமமூர்த்தியும் வெவ்வேறு மேடைகளிலிருந்து வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது அந்த வருடம் நடந்தது. சுதந்திரக் கொடி ஏறுவதற்கு முன்பே சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் ரத்தானது. பிற மாகாணங்களும் சேர்ந்து நாடு முழுக்க அது ஒழிய 1952 ஆகஸ்ட் 31 வரை ஆனது. இந்த விஷயத்தில் நாம் ஐந்து வருடம் முன்னால்.

இங்கே ‘சுபம்’ போட்டுவிடலாம். சினிமாவாக இருந்தால் போட்டிருப்பார்கள்.

1948-ல் அதே சென்னை மாகாணம் இன்னொரு சட்டத்தை நிறைவேற்றியது. வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம். இப்போது குலம் கிடையாது, தனி ஆள்தான். தண்டனை பெற்றிருந்தால் மட்டுமே பதிவு. காகிதத்தில் இது பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் 36 வருடமாக யாரையெல்லாம் பிடித்து ஆஜர் தவறியதற்கும் சீட்டு இல்லாமல் போனதற்கும் உள்ளே தள்ளினார்களோ, அவர்களிடம்தானே பழைய தண்டனைகள் இருந்தன? சாதிப் பதிவேட்டிலிருந்து ஆள் பதிவேட்டுக்குப் பெயர்கள் நடந்து போக அதிக தூரம் இல்லை.

ஸ்டேஷன்களில் ஒரு பதிவேடு உண்டு. ஆங்கிலத்தில் ‘நோன் டெப்ரடேட்டர்’, அதாவது தெரிந்த கொள்ளைக்காரன். இரண்டு முதலெழுத்துகள் கே, டி. நாம் பக்கத்து வீட்டுப் பையனை ‘சரியான கேடி’ என்று செல்லமாகத் திட்டும் சொல் அங்கேயிருந்து வந்தது. போலீஸ் பதிவேட்டிலிருந்து குழந்தையைக் கொஞ்சுவது வரை பயணம் செய்த சொல் வேறு எந்த மொழியில் இருக்கிறது என்று தெரியவில்லை.

அதன்பின் 1982-ல் குண்டர் தடுப்புச் சட்டம் வந்தது. விசாரணை இல்லாமல் ஒரு வருடம் உள்ளே வைக்கலாம். ஜெயில்களுக்குள்ளும் கும்பல் மோதலைத் தடுக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைப்பது. மோதலைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று அரசு சொன்ன காரணத்தை 2014-ல் சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்றது. 2024 அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. சிறைப் பதிவேடுகளில் இருக்கும் சாதிக் கட்டத்தையே அடித்துவிடச் சொன்னது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கும் சிறை விதிகளையும் சாடியது. குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்து 72 வருடம் கழித்து, சிறையின் விதிப்புத்தகத்துக்குள் அது இன்னும் குடியிருந்தது.

ஆயாவின் உப்புக்காரர்களை விட்டுவிட்டேனே. தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் 68 சமூகங்கள் இருக்கின்றன. குற்றப் பரம்பரை என்று எழுதப்பட்டவர்களின் சந்ததிக்குச் சலுகை தருவதற்கான பட்டியல் இது. நல்ல காரியத்துக்கான பட்டியல். அதில் ஒரு வரி: சேலம் உப்புக் கொரவர். அடைப்புக்குறிக்குள் இரண்டு மாவட்டங்கள், சேலம், நாமக்கல். கழுதை போய் 150 வருடம் ஆகிறது. உப்பு பாக்கெட்டில் வருகிறது. போலீஸ் எழுதிக்கொடுத்த பெயரைக் காட்டித்தான் அந்தப் பிள்ளை இன்று காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்குச் சான்றிதழ் வாங்குகிறது.

*

மறுபடி 1948-க்குப் போவோம். அங்கே ஒரு கதவைத் திறந்து விட்டுவிட்டு வந்தேன்.

குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஒழித்த அதே ஓமந்தூரார் அரசு, அந்த ஆண்டு கம்யூனிஸ்ட்டுகளைப் பிடித்து உள்ளே தள்ளத் தொடங்கியது. உள்துறையைக் கையில் வைத்திருந்த சுப்பராயனின் மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதி கிருஷ்ணனும் அந்தக் கட்சியில்தான் இருந்தார்கள். அப்பாவின் போலீஸ் பிள்ளைகளின் தோழர்களைத் தேடிக்கொண்டிருந்தது.

சேலம் மத்தியச் சிறை நிரம்பியது. 1862-லிருந்து கேடிகளுக்கும் கொள்ளைக்காரர்களுக்கும் பழகிய அந்தக் கொட்டடிகளுக்குள் இப்போது வேறு வகை ஆட்கள். பலர் மலபார் விவசாயிகள். தாங்கள் அரசியல் கைதிகள் என்றார்கள். ஜெயில் நிர்வாகத்திடம் அப்படி ஒரு வகுப்பே இல்லை. அதன் பதிவேட்டில் அவர்களும் ஒரு கும்பல்தான்.

1950 பிப்ரவரி 11, சனிக்கிழமை. இந்தியா குடியரசாகி 16 நாள் ஆகியிருந்தது. அன்று சேலம் சிறைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. சத்தம் ஓய்ந்தபோது 22 கைதிகள் செத்துக் கிடந்தார்கள்.

சுடச் சொன்னது எதற்காக?

(அடுத்த இதழில்)